அம்மா வெளியில உட்காரட்டும்

பஸ் நிலையத்து விசாரணை கவுண்டரில் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவளைப் பார்த்து, இனிமேல் நீ வாயைத் திறக்காதே என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? சம்பளமே வாய்க்குத்தான். எந்த பஸ் எங்கே நிற்கும், எது போய்விட்டது, எது வரவே வராது, கைக்குழந்தைக்கு டிக்கெட் உண்டா, தொலைந்த குடையை எங்கே போய்க் கேட்பது என்று கண்ணாடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக ஊருக்கே பதில் சொல்கிறவள் அவள். டிரைவர்கள் அவளை விசாரணை அக்கா என்பார்கள். கேட்கிறவன் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும். சில சமயம் கேட்பதற்கு முன்பே விழும். அந்தப் பழக்கத்தை அவள் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள், ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி என்றால் குழந்தைகள் ஆஸ்பத்திரி. அவளுடைய ஒரே மகளுக்குப் பிறவியிலேயே கிட்னி இரண்டும் சரியில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த கொஞ்ச நாளில் இரண்டும் கையை விரித்துவிட்டன. அப்போது அப்பா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அவர் லிப்ட் மெக்கானிக். பேச்சு என்றால் அவருக்குக் காசு கொடுத்து வாங்குகிற சாமான் மாதிரி. "எனக்கு ரெண்டு இருக்கில்ல, ஒண்ணு அவளுக்கு" என்று டாக்டரிடம் சொன்னதுதான் அந்த விஷயத்தில் அவர் பேசிய மொத்தப் பேச்சு. அன்றிலிருந்து மகளைப் பார்ட்னர் என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் மற்ற எல்லாருக்கும் அவள் வாண்டு.

கிட்னியை வைத்துத் தைத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. மண்ணாங்கட்டி. அடுத்தவர் கிட்னியை உடம்பு சும்மா வைத்துக்கொள்ளாது. எப்போதடா சாக்கு கிடைக்கும், வெளியே தள்ளலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதை அடக்கி வைக்கக் காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை மாத்திரை போட வேண்டும், உயிர் இருக்கிற வரைக்கும். தொடர்ந்து தவறினால் கிட்னி போய்விடும். போனால் அப்பாவிடம் எடுத்துக் கொடுக்க இன்னொன்று இல்லை. இது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் மனப்பாடம்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மாதாமாதம் நடப்பது ஒரே நாடகம்தான். டாக்டர் வயசானவர், பிள்ளைகளுக்கு உயிர். "என்ன வாண்டு, எப்படி இருக்க?" என்று கேட்பார். "நல்லாருக்கேன் டாக்டர்" என்பாள் அவள். காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தாலும் அதே பதில்தான். அவர் முகம் வாடுவதை அவளால் பார்க்க முடியாது, அவ்வளவுதான் காரணம். டாக்டரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவள் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, மெதுவாக அம்மா முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான், மடை திறந்துவிடும். எங்க டாக்டர் நல்லாருக்கா, ரெண்டு நாளா சரியா சாப்பிடல, கால்ல வீக்கம், ராத்திரி மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டா, நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன் என்று ஒன்று விடாமல் கொட்டிவிடுவாள். இப்படி மகள் பொய் சொல்ல, அம்மா திருத்த, டாக்டர் எழுத, அப்பாவின் கிட்னி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

வாண்டுக்குப் பதினேழு முடிகிற நேரத்தில் அந்த சிஸ்டர் வந்தாள். வளர்ந்த பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தயார் பண்ணி அனுப்புவதுதான் அவள் வேலை. சிரித்த முகம், அழுத்தமான பேச்சு. வந்த முதல் நாளே, "அம்மா வெளியில உட்காரட்டும்" என்றாள். விசாரணைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னை ஆஸ்பத்திரியில் ஒருத்தி வெளியே உட்கார்த்தி வைப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சிஸ்டர் அவளையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். அங்கே போனால் டாக்டர் பேஷண்ட்டிடம்தான் பேசுவார், அம்மாவிடம் பேச மாட்டார். இன்றைக்கு இருக்கிற டாக்டர் அடுத்த மாதம் இருப்பார் என்றும் சொல்ல முடியாது. அவள் உடம்பை அவள்தான் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். மாத்திரையை நீங்கள் எடுத்துக் கையில் கொடுக்காதீர்கள், போட்டாயா என்று கேட்காதீர்கள், அவளுக்காகப் பதில் சொல்லாதீர்கள். கொஞ்சம் தடுமாறினாலும் தானாக எழுந்துகொள்ளட்டும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

வாண்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். மாத்திரைகளின் வாயில் நுழையாத பெயர்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எது எத்தனை மில்லிகிராம், எதை எதோடு சேர்க்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போன் பண்ணித் தேதி வாங்குவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சிஸ்டர் வைத்த பரீட்சையில் முழு மார்க். ஆனால் ஒன்று. உடம்பு சரியில்லை என்றால் சரியில்லை என்று வாயால் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை இத்தனை வருஷமாக வேறொருத்தி சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தாள் என்பது சிஸ்டருக்கு எங்கே தெரியும்? பழைய டாக்டருக்குக்கூட அது தோன்றவில்லை. கடைசி நாளில் வாண்டு தலையில் கை வைத்து, கண் கலங்கி, எப்ப வேணும்னாலும் வா என்று சொல்லி அனுப்பினார்.

பெரியவர்கள் ஆஸ்பத்திரி வேறு உலகம். சுவரில் பொம்மை இல்லை, மீன் தொட்டி இல்லை. நம்பர் எரிகிற பலகைக்குக் கீழே நரைத்த தலைகளும் வீங்கின கால்களுமாக வரிசை. அதில் வாண்டு ஒருத்திதான் சின்னவள். அவள் நம்பர் வந்ததும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். இளம் டாக்டர், சுற்றிலும் நாலைந்து மாணவர்கள். எப்படி இருக்கீங்க என்று அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். நல்லாருக்கேன் என்றாள் வாண்டு. அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அம்மா முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

விசாரணைக்காரிக்குப் பொறுக்கவில்லை. சிஸ்டர் சொன்னதெல்லாம் காற்றில் பறந்தது. எங்க டாக்டர் நல்லாருக்கா என்று ஆரம்பித்து, போன வாரத்து வாந்தி, மலச்சிக்கல், தள்ளிப்போன மாதவிலக்கு என்று மாணவர்கள் முன்னால் வரிசையாக எடுத்துப் போட்டாள். அதில் ஒரு மாணவன் வாண்டுவின் வயசுதான் இருப்பான். டாக்டரின் பேனா நின்றது.

"பேஷண்ட் யாரும்மா, நீங்களா அவங்களா?"

மாணவர்கள் குனிந்து சிரித்தார்கள். வாண்டுவின் காது மடல் வரைக்கும் சிவந்தது. அடுத்து வாயைத் திறந்தது அவள்தான். டாக்டர்கூடச் சொல்லவில்லை.

"அம்மா வெளியில உட்காரட்டும் டாக்டர்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இறங்குகிற இடம் நெருங்கும்போது வாண்டு திரும்பினாள்.

"நீ பேசப் பேச நான் அங்க பச்சைக் குழந்தையாயிடறேன். இனிமே என் உடம்பைப் பத்தி டாக்டர்கிட்டயும் பேசாத, என்கிட்டயும் பேசாத. என்னை விட்டுடு."

"சரி," என்றாள் அம்மா. "இனிமே கேட்டேன்னா என்னன்னு கேளு."

வேறு அம்மாவாக இருந்தால் மறுநாள் காலையில், மாத்திரை போட்டியாடி என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு வாய் எவ்வளவு நீளமோ வீம்பும் அவ்வளவு நீளம். இத்தனை வருஷம் நாய்படாத பாடு பட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் காப்பாற்றிக் கொண்டுவந்தவளைச் சபையில் வைத்து வெளியே போ என்று சொல்லிவிட்டாளே என்று பொருமிக்கொண்டே இருந்தாள். நான் இல்லாமல் நீ ஒரு மாதம் ஓட்டு பார்க்கலாம், தானாக வந்து அம்மா என்று நிற்பாய், அப்போது வைத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கறுவினாள். வெளியே பார்க்கிறவர்களுக்கு அவள் சிஸ்டர் சொன்னதைக் கேட்டுத் திருந்திவிட்ட மாதிரி இருந்தது. சிஸ்டரே போனில் விசாரித்துவிட்டு, நீங்கதான்மா மத்த அம்மாக்களுக்கு உதாரணம் என்றாள். லிப்ட்காரர் சாப்பிடும்போது அவளை நிமிர்ந்து பார்த்து, "பரவாயில்லையே, பழகிட்ட" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவதே பெரிய விஷயம். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாண்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடியை பிரேமில் பொருத்தி, எள்ளளவு திருகாணியை எள்ளளவு திருப்புளியால் முடுக்கும் வேலை. அவளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. ஒரே ஒரு தொல்லை, கை நடுக்கம். கிட்னிக்குப் போடுகிற மாத்திரை சில பேருக்குக் கையை லேசாக நடுங்க வைக்கும். போட்ட கொஞ்ச நேரத்தில் அதிகமாக இருக்கும், பிறகு அடங்கும். அது அந்த வீட்டில் பழைய சமாச்சாரம். காலையில் டம்ளரைத் தூக்கும்போது காபி அலம்புவதை வைத்தே மாத்திரை உள்ளே போய்விட்டது என்று அம்மா தெரிந்துகொள்வாள்.

ஒரு நாள் காலையில் காபி அலம்பவில்லை. மறுநாளும் அலம்பவில்லை. வாண்டு டம்ளரை ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள். அன்று சாயங்காலம் துவைக்கப் போட்டிருந்த, மகள் கடையில் போட்டுக்கொள்கிற கோட்டின் பையில் அம்மா கை விட்டாள். இரண்டு மாத்திரைகள். இரண்டும் காலை வேளைக்கு உரியவை.

மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்கும்போது வாண்டு உள்ளே வந்தாள். கையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்போது ஒரு வார்த்தை போதும். என்னடி இது என்று ஒரு அதட்டல், போதும். வாண்டு அதற்காகத்தான் நின்றாள் என்றுகூடச் சொல்லலாம், வாசற்படியை விட்டு நகரவே இல்லை. அம்மாவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கூடவே அந்த மாணவர்களின் சிரிப்பும், என்னை விட்டுடு என்ற பேச்சும் வந்தது. கேட்கட்டும், அவளாகக் கேட்கட்டும் என்று நினைத்தாள். மாத்திரைகளை மேஜைமேல் மகளுக்கு எதிரே வைத்தாள். கோட்டை பக்கெட்டில் போட்டு முக்கினாள். வாண்டு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அம்மா கோட்டுப் பையில் கை விடவில்லை. விட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் பேச வேண்டும். கண்ணில் பட்டதைக் காணாத மாதிரி இருக்க அவள் புதிதாகக் கற்றுக்கொண்டாள். ராத்திரி மாத்திரை போடுகிறாளே, பாதியாவது உள்ளே போகிறதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனையில் தெரியாமலா போகும், அங்கே அவ்வளவு படித்தவர்கள் இருக்கிறார்களே என்றும் சொல்லிக்கொண்டாள். பரிசோதனைக்கு முந்தின சில நாள் மட்டும் காபி அலம்பியது, ரத்தத்தில் மருந்து தெரிய வேண்டுமே. அதையும் பார்த்தாள். சரி, பயம் இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டாள்.

பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு டாக்டர். வாண்டு உள்ளே போவாள், அம்மா வெளியில் பெஞ்சில் உட்காருவாள். எப்படி இருக்கீங்க, நல்லாருக்கேன். மாத்திரை போடறீங்களா, போடறேன். பெயர்களும் மில்லிகிராமும் பிசகாமல் சொல்வாள். இவ்வளவு தெளிவான பேஷண்ட்டை யார் சந்தேகப்படுவார்கள்? கிட்னி எப்படி ஓடுகிறது என்று காட்டுகிற ரத்தக் கணக்கு ஒவ்வொரு தடவையும் துளித்துளியாக ஏறிக்கொண்டு வந்தது. ஒரு டாக்டர் தண்ணி நிறைய குடிங்க என்றார். இன்னொருவர் அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த தடவைக்கு வாண்டு போகவில்லை. கடையில் லீவு கிடைக்கவில்லை என்றாள். அம்மா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வாண்டுவின் முகம் உப்ப ஆரம்பித்தது. செருப்பு காலில் நுழையவில்லை. ஒரு நாள் கடையில் மூச்சு வாங்கி, தலை சுற்றி, முதலாளியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டார். லிப்ட்காரர் எங்கோ ஒரு கட்டடத்தில் பாதி கழற்றின லிப்ட்டை அப்படியே விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு ஓடி வந்தார். கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை பெரிய டாக்டரம்மாவே வந்து, மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினாள்.

காப்பாற்றுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றாள். ரொம்ப நாளாகவே உடம்பு அதைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. இனிமேல் டயாலிசிஸ்தான், வேறு கிட்னி கிடைக்கும் வரைக்கும். கிடைக்க எவ்வளவு நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை விட்டீங்களா என்று கேட்டதும் வாண்டு மறைக்கவில்லை. கை நடுங்கினது, திருகாணி கீழே விழுந்தது, கண்ணாடிக்குக் குளிர்ஜுரமா என்று முதலாளி வாடிக்கையாளர் முன்னால் கேட்டது, காலை மாத்திரையை விட்டதும் நடுக்கம் நின்றது எல்லாவற்றையும் சொன்னாள். இவ்வளவு பேச்சு அவள் எந்த டாக்டரிடமும் பேசினதில்லை. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையை மாத்தியிருப்போமே. ஒரே வேளை போடறது இருக்கு, நடுக்கமும் குறையும்."

"யாரும் கேக்கல டாக்டர்," என்றாள் வாண்டு. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

"வீட்ல யாருக்குமா தெரியல?"

லிப்ட்காரர் தலையைத் தூக்கினார். வாண்டு அம்மா பக்கம் திரும்பினாள். கோட்டுப் பையிலிருந்து எடுத்த மாத்திரைகளைப் பார்த்த அதே கண்தான்.

"யாருக்கும் தெரியாது டாக்டர். நான் மறைச்சு வெச்சேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாங்களா?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். தெரியும் என்று சொல்ல அம்மா வாயைத் திறந்தாள். பக்கத்தில் லிப்ட்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை வீம்பு இல்லை, வெறும் பயம்.

வராந்தாவுக்கு வந்ததும் அவர் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஆபரேஷன் அன்றைக்குக்கூட அழாத மனுஷன். அழுகையோடு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"உன் மேல தப்பில்ல. நீ மட்டும் பாத்திருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்ப. உன்னை அடக்கி வெச்சாங்க பாரு, அதுதான் தப்பு. நானும்தான் பரவாயில்லைன்னு சொன்னேன்."

அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தாங்க முடியாமல் வார்டுக்குள் போனாள். அதற்குள் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைத்து வாண்டுவைப் படுக்க வைத்திருந்தார்கள், முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிக் கிடந்தது. அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடி பொய் சொன்ன? நான் அப்பாகிட்ட சொல்லிடறேன். பாத்தேன், பாத்துட்டு சும்மா இருந்தேன்னு சொல்லிடறேன். என்னால முடியலடி."

நல்லா கேளு, நாலு வார்த்தை திட்டு என்று அவள் மனசு கெஞ்சியது. எவளாவது இப்படி இருப்பாளா, நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டிருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பாள். வாண்டு திட்டவில்லை. குழாய் அசையாமல் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"சொன்னா உனக்கு மனசு லேசாயிடும்மா. அவருக்கு? கிட்னி போனதை அவரு தாங்கிப்பாரு. நீ பாத்துட்டு விட்டதைத் தாங்க மாட்டாரு. சொல்லாத."

ஊரே சேர்ந்து இவள் பெரியவளாக வேண்டும் என்று பாடுபட்டது. ஆகிவிட்டாள்.

"சரி," என்றாள் அம்மா.

டயாலிசிஸ் நர்ஸ் வந்து திரையை இழுத்தாள். அம்மா தானாகவே எழுந்து வெளியில் போனாள். வராந்தாவில் லிப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கி வைத்திருந்தார். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவருக்கு நினைவிருந்தது. குடி, நீயும் விழுந்துட்டா நாங்க என்ன பண்ணுவோம் என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தாள்.